முதலாளியின் நோட்டு ஏன் முந்திக்கொள்கிறது?

கேள்வி: விருதுநகரில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குக் கடன் கணக்குச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு, காட்லின் மொழி, தரவைச் சேமிக்க ரூம் என்ற நூலகம். 1,400 வாடிக்கையாளர்கள், ஆறு ஆண்டுக் கணக்கு, மொத்தம் 92,000 பதிவுகள். தொடக்கத்தில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினாலே நான்கு நொடி உறைந்து நிற்கிறது. ஊர், மாதம், பாக்கித்தொகை என்று வடிகட்டினால் இன்னும் மோசம். தேடாத நேரத்திலும் செயலி திக்குகிறது. சில தமிழ்ப் பெயர்கள் கிடைப்பதே இல்லை. சில தேடல்களில் சம்பந்தமில்லாதவர்கள் வந்து நிற்கிறார்கள். "இதற்கு என் பழைய நோட்டே மேல்" என்கிறார் முதலாளி. ரியல்ம் என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறிவிடட்டுமா? எல்லாப் புலங்களுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடட்டுமா? அல்லது அவரைப் புதுக் கைபேசி வாங்கச் சொல்லட்டுமா? நிரலின் முக்கியப் பகுதிகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்றும் வேண்டாம். உங்கள் முதலாளி கோபத்தில் சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய நோட்டு உங்கள் செயலியைவிட நன்றாக வடிவமைக்கப்பட்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், 92,000 என்ற எண்ணைக் கண்டு மிரளாதீர்கள். ரூம் என்பது மேல்சட்டைதான். உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம். 2000ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஹிப், தரவுத்தளச் சேவையகம் படுத்துவிட்டால் தன் மென்பொருளும் சேர்ந்து படுத்துவிடும் தொல்லை தாங்காமல் எழுதத் தொடங்கியது அது. சேவையகமே வேண்டாம், கோப்பிலிருந்து நேரே படித்துக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை. இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. அதற்கு 92,000 பதிவுகள் ஒரு பொருட்டே இல்லை. தவறு அதனிடம் நீங்கள் கேட்கும் விதத்தில் இருக்கிறது.

உங்கள் நிரலைப் பார்த்தேன். பதிவுகள் அட்டவணை முழுவதையும் ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டு, பிறகு காட்லினில் ஊர், மாதம் என்று ஒவ்வொன்றாகச் சலிக்கிறீர்கள். அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டவருக்காகக் கிடங்கிலிருக்கும் மூட்டை அத்தனையையும் கடை வாசலில் இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மீண்டும் ஏற்றி வைப்பதைப் போன்றது இது. இருநூறு பதிவு இருந்த காலத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் தொடக்கத்தில் நன்றாக ஓடியது.

உள்ளே நடப்பது இன்னும் வேடிக்கை. ஆண்ட்ராய்டு வழக்கமாக வினவலின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின்) விடையை 2 மெகாபைட் அளவுள்ள ஒரு சாளரத்தில் நிரப்பித் தருகிறது. விடை அதைவிடப் பெரிதானால், அடுத்த பகுதிக்காக அதே வினவலை முதலிலிருந்து மறுபடி ஓட்டி, முன்பு படித்தவற்றைத் தாண்டி வந்து நிரப்புகிறது. உங்கள் பதிவு ஒன்று 150 பைட் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 13 மெகாபைட்டுக்கு மேல் போகிறது. ஏழு முறை நிரப்ப வேண்டும். ஏழாவது முறை ஏறக்குறைய அட்டவணை முழுவதையும் தாண்டியாக வேண்டும். அதற்குப் பிறகு 92,000 பொருள்கள் நினைவகத்தில் உருவாகின்றன. சலித்து முடித்ததும் குப்பைக்குப் போகின்றன. இவ்வளவும் 'மு' என்ற ஓர் எழுத்துக்காக. அடுத்து 'ரு' தட்டியதும் மறுபடியும்.

இதில் இன்னொன்று உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்த வினவலை ஃப்ளோவாக, அதாவது தரவு மாறும்போதெல்லாம் தானே மறுபடி ஓடும்படி வைத்திருக்கிறீர்கள். அட்டவணையில் ஏதாவது மாறியதா என்பதைத்தான் ரூம் கவனிக்கிறது. எந்தப் பதிவு மாறியது என்பதை அது பார்ப்பதில்லை. ஆகவே கடைப் பையன் ஒரே ஒரு வரவைப் பதிந்தாலும் திரைக்குப் பின்னால் 92,000 பதிவுகளும் மறுபடி படிக்கப்படுகின்றன. தேடாத நேரத்திலும் செயலி திக்குகிறது என்று நீங்கள் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆக முதல் வேலை, சலிக்கும் பொறுப்பைத் தரவுத்தளத்திடம் ஒப்படைப்பது. நிபந்தனைகள் வினவலின் 'வேர்' (WHERE) பகுதிக்குள் போகட்டும். பட்டியல் திரைக்குப் பெயர், தேதி, தொகை போதுமென்றால் அந்த மூன்றை மட்டும் கேளுங்கள். திரையில் ஒரே நேரத்தில் பத்து வரிதான் தெரியும். ஐம்பதுக்கு மேல் எதற்கு? 'லிமிட்' போடுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதிக்கு மேல் குணமாகிவிடும்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். முதலாளி இரண்டு நோட்டு வைத்திருந்திருப்பார், விசாரித்துப் பாருங்கள். ஒன்று குறிப்பேடு: அன்றன்றைக்கு நடந்தது நடந்த வரிசையில் எழுதப்படுவது. மற்றொன்று பேரேடு: ஆளுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்குள் தேதி வரிசை. "போன மார்ச்சில் மொத்தம் எவ்வளவு கொடுத்தோம்?" என்றால் குறிப்பேட்டைத் திறப்பார். "சாத்தூர்க்காரர் கணக்கு என்ன?" என்றால் பேரேட்டில் அவர் பக்கம். ஒரே செய்தியை இரண்டு வரிசையில் இரண்டு முறை எழுதுவது இரட்டை வேலை என்று அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. எழுதும்போது படும் சிரமம் தேடும்போது மிச்சமாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இண்டெக்ஸ் என்பது அதுதான்: அதே பதிவுகளைத் தேடலுக்கேற்ற வேறொரு வரிசையில் சுட்டும் தனி நோட்டு. உங்கள் பதிவுகள் அட்டவணைக்குத் தேவை இரண்டே இண்டெக்ஸ். வாடிக்கையாளர் எண், அதன்பின் தேதி என்று இரு புலங்களைச் சேர்த்து ஒன்று, இது பேரேடு. தேதி மட்டும் கொண்டு மற்றொன்று, இது குறிப்பேடு. முதலாவதில் புலங்களின் வரிசை முக்கியம். சரிசமமாகப் பொருந்த வேண்டிய புலம் முன்னால், 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் புலம் பின்னால். மாற்றிப் போட்டால், தேதி வாரியாகப் பக்கம் பிரித்து ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்களைத் தேடுகிற நோட்டாகிவிடும். இந்த இண்டெக்ஸ்கள் மரம்போல் கிளை பிரிந்தவை. உங்கள் அளவுக்கு மூன்று அடுக்குகளுக்கு மேல் போகாது. மேலிருந்து மூன்று பக்கங்களைப் புரட்டினால் சாத்தூர்க்காரரின் முதல் பதிவில் போய் நிற்கலாம்.

எல்லாப் புலங்களுக்கும் போட்டுவிடலாமா என்ற கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்பது இண்டெக்ஸ் போட்டேன். தரவை இறக்கும் வேலை ஆமை வேகத்துக்குப் போனது. ஒவ்வொரு புதிய பதிவையும் அத்தனை நோட்டிலும் எழுதியாக வேண்டுமல்லவா? அதுவும் 'பற்றா, வரவா' என்ற புலத்துக்கு இண்டெக்ஸ் போடுவதில் அர்த்தமே இல்லை. இரண்டே மதிப்புகள், பாதிப் பதிவுகள் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பாதிப் புத்தகத்தைச் சுட்டும் பொருளடைவு எதற்கு? ஊர்ப் புலத்துக்கும் வேண்டாம். அது வாடிக்கையாளர் அட்டவணையில் இருக்கிறது. 1,400 பெயரை முழுக்கப் படிப்பது தரவுத்தளத்துக்குக் கண் சிமிட்டும் வேலை.

ஊகத்தை விட்டுவிட்டுத் தரவுத்தளத்திடமே கேட்க ஒரு வழி உண்டு. வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின் குவரி பிளான்' என்ற மூன்று சொற்களைச் சேர்த்து ஓட்டினால், எந்த வழியாகத் தேடப்போகிறேன் என்று எஸ்க்யூலைட் சொல்லிவிடும். விடையில் 'ஸ்கேன்' என்று வந்தால் அட்டவணையை முழுக்கப் படிக்கிறது. 'சர்ச்' என்றும் உங்கள் இண்டெக்ஸின் பெயரும் வந்தால் நேரே போகிறது. 'டெம்ப் பி-ட்ரீ' என்று கண்டால், கிடைத்ததைத் தனியாக வைத்து வரிசைப்படுத்துகிறது என்று பொருள். நான் ஒவ்வொரு முக்கிய வினவலையும் இப்படிக் கேட்டுப் பார்க்காமல் வெளியிடுவதில்லை.

இதற்குத் தரவுக் கோப்பைக் கணினிக்கு நகலெடுப்பீர்கள். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். ரூம் பெரும்பாலான கைபேசிகளில் புதிய பதிவுகளை முதலில் 'வால்' (-wal) என்று முடியும் துணைக்கோப்பில்தான் எழுதி வைக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தால் கடைசியாகப் பதிந்தவை காணாமல் போயிருக்கும். பெயருக்கேற்ப வாலையும் சேர்த்தே இழுங்கள்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகும் இடங்கள் சில உங்கள் நிரலில் இருக்கின்றன. முதல் குற்றவாளி தேதி. '05-03-2023' என்று நாள் முன்னால் வர, எழுத்தாகச் சேமித்திருக்கிறீர்கள். இந்த வரிசையில் எல்லா மாதத்து ஐந்தாம் தேதிகளும் ஒன்றாக நிற்கும். காலவரிசை என்பதே இல்லை. மாதத்தை அறிய அந்த எழுத்துச் சரத்தை நடுவில் வெட்டி ஒப்பிடுகிறீர்கள். புலத்தின்மேல் அப்படி ஒரு செயல்பாட்டை ஏவியவுடன் சாதாரண இண்டெக்ஸ் செத்தது. ஒவ்வொரு பதிவையும் எடுத்து வெட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடன் கணக்குக்கு மணி, நிமிடம் தேவையில்லை. ஆகவே 20230305 என்று எட்டு இலக்க முழு எண்ணாக வையுங்கள். மார்ச் மாதம் என்றால் 20230301 முதல் 20230331 வரை. நிதியாண்டு என்றாலும் அதே வழி. நேர மண்டலக் குழப்பமும் மிச்சம்.

அடுத்தது தொகை. அதையும் எழுத்தாக வைத்திருக்கிறீர்கள்! எழுத்தாக ஒப்பிட்டால் 9000 என்பது 10000ஐவிடப் பெரியது, ஏனென்றால் 9 என்ற எழுத்து 1க்குப் பின்னால் வருகிறது. 'பத்தாயிரத்துக்கு மேல் பாக்கி' வடிகட்டி தப்பாகக் காட்டுவதாக முதலாளி சொல்லவில்லையா? சொல்லியிருப்பார், வேகத்தைப் பற்றிய புகாரில் அது அமுங்கிப் போயிருக்கும். பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்.

பாக்கியை ஒவ்வொரு முறையும் ஆறு ஆண்டுப் பற்று வரவுகளைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கிறீர்கள். பேரேட்டின் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நிலுவை எழுதியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் அட்டவணையில் 'நிலுவை' என்று ஒரு புலம் சேர்த்து, பதிவு எழுதும் அதே பரிவர்த்தனைக்குள் அதையும் மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. ஒரே உண்மையை இரண்டு இடத்தில் வைப்பது ஆபத்து என்று பாடப்புத்தகம் சொல்லும், அது உண்மைதான். ஆகவே இரவில் ஒருமுறை முழுக் கூட்டலையும் ஓட்டி ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். கணக்குப்பிள்ளைகளும் அதைத்தானே செய்தார்கள்.

மூன்றாவது, விருப்ப வடிகட்டிகள். ஊர் கொடுத்தால் ஊர், கொடுக்காவிட்டால் எல்லாம் என்பதற்காக 'ஊர் வெற்றாக இருந்தால், அல்லது ஊர் பொருந்தினால்' என்று ஒரே வினவலில் ஐந்து வடிகட்டிகளையும் அடுக்கியிருக்கிறீர்கள். பலரும் செய்வதுதான், எழுதவும் சுலபம். ஆனால் தேடல் வழியைத் திட்டமிடும்போது எது வெற்றாக வரும் என்று எஸ்க்யூலைட்டுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழியாக முழு அட்டவணையையும் படித்துவிடும். பயனர் தேர்ந்தெடுத்த வடிகட்டிகளை மட்டும் கொண்டு வினவலை அந்த நேரத்தில் கட்டுங்கள். ரூமில் 'ரா குவரி' இதற்குத்தான் இருக்கிறது. மதிப்புகளைக் கேள்விக்குறி வைத்துத் தனியே அனுப்புங்கள். பயனர் தட்டியதை அப்படியே வினவலோடு ஒட்டினீர்களானால், பெயரில் ஒற்றை மேற்கோள் குறி வந்த அன்றே செயலி விழும். கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் கிடைத்தால் அதைவிட மோசம்.

இனித் தமிழ்த் தேடல். இதைப் பற்றி ஆங்கிலக் கையேடுகளில் அதிகம் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர்கள் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கொம்புதான். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் பதிந்த 'கொண்டையா'வை வேறொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. ஜாவாவிலேயே இருக்கும் 'நார்மலைசர்' கொண்டு, இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் 'என்எஃப்சி' என்ற வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேடுங்கள். வேறு செயலிகளிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகள் ஒளிந்திருக்கும். அவற்றையும் களையுங்கள்.

சம்பந்தமில்லாதவர்கள் வருவதற்குக் காரணம் வேறு. முழு உரைத் தேடலுக்கு எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்4 வசதியைப் போட்டு, அதில் சொற்களைப் பிரிக்க 'யூனிகோட்61' என்ற பிரிப்பானைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தமிழ் யூனிகோடில்தானே இருக்கிறது, இதுவே பொருத்தம் என்று நினைத்திருப்பீர்கள். பெயர் ஏமாற்றிவிட்டது. எழுத்து, எண் என்று யூனிகோட் வகைப்படுத்தியவற்றை மட்டுமே அந்தப் பிரிப்பான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'குறிகள்' என்ற வேறு வகையில் இருப்பதால், அவற்றை இடைவெளிபோல் பாவித்து அங்கேயே வெட்டிவிடும். 'முருகன்' என்பது ம, ர, கன என்று மூன்று துண்டாகிவிடும். நீங்கள் 'முரு' என்று தேடினால் ம, ர என்ற இரு துண்டுகளும் உள்ள எவரும் வருவார், மாரியம்மாளும் வருவார். பாவம், அவர் மேல் தவறில்லை.

தீர்வு எளிது. எஃப்டிஎஸ்4இன் இயல்பான 'சிம்பிள்' பிரிப்பானுக்கே திரும்பிவிடுங்கள். ஆங்கில அடிப்படை எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எதையும் அது வெட்டாமல் சொல்லோடு வைத்துக்கொள்ளும். அதன் அறியாமையே நமக்கு நன்மையாக முடிகிறது. தேடும் சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி இட்டால் முன்னொட்டுத் தேடலாகும். வேற்றுமை உருபுகள் சொல்லின் பின்னால் ஒட்டும் நம் மொழிக்கு அது வசதி: 'சர்க்கரை' என்று தேடினால் சர்க்கரையை, சர்க்கரைக்கு எல்லாம் கிடைக்கும். 'பழம்' என்று தேடுபவருக்குப் 'பழத்தை' கிடைக்காது. 'பழ' என்று நிறுத்தித் தேடப் பழக்கிவிடுங்கள்.

எஃப்டிஎஸ் தேவைப்படுவதும் 92,000 பதிவுகளின் 'விவரம்' புலத்துக்கு மட்டுமே. 1,400 பெயர்களுக்குச் சாதாரண 'லைக்' ஒப்பீடு போதும். தேடும் சொல்லின் இரு பக்கமும், எதுவும் வரலாம் என்பதற்கான விழுக்காட்டுக் குறி போட்டால் இண்டெக்ஸ் பயன்படாது என்று எங்கோ படித்திருப்பீர்கள். உண்மைதான். இவ்வளவு சிறிய அட்டவணையில் அதைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

பெயர்ப் பட்டியலின் அகர வரிசையும் உங்களுக்குத் தப்பாகவே வந்துகொண்டிருக்கும். யூனிகோட் எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்தை அடுத்தும் நிற்கிறது. புள்ளியோ எல்லாக் குறிகளுக்கும் பின்னால். வரிசைப்படுத்தும் இடத்தில் ஆண்ட்ராய்டு தரும் 'லோக்கலைஸ்ட்' ஒப்பீட்டைப் பயன்படுத்துங்கள். அது கைபேசியின் மொழியைப் பின்பற்றும். கணினியில் உள்ள எஸ்க்யூலைட் கருவிக்கு அந்தப் பெயர் தெரியாது. மேலே சொன்ன சோதனையை அங்கே செய்யும்போது பிழை காட்டினால் பதறாதீர்கள்.

ஒவ்வொரு விசைக்கும் தேடாமல், விரல் நின்று 300 மில்லிநொடி கழித்துத் தேடுங்கள். புதிய எழுத்து வந்தால் பழைய தேடலை ரத்து செய்யுங்கள். பழைய பதிவுகளுக்கு உருட்டிச் செல்லும்போது 'ஆஃப்செட்' வேண்டாம். 'இருபதாயிரத்தைத் தாண்டி ஐம்பது கொடு' என்றால் அந்த இருபதாயிரத்தையும் நடந்தே கடக்கும். கடைசியாகக் காட்டிய பதிவின் தேதியையும் எண்ணையும் கொடுத்து 'இதற்கு முந்தைய ஐம்பது' என்று கேளுங்கள்.

வேறு தரவுத்தளம் என்று நீங்கள் குறிப்பிட்டது ரியல்ம். அதன் ஒத்திசைவு வசதியை 2025 செப்டம்பரோடு நிறுத்துவதாக அதன் உரிமையாளரான மாங்கோடிபி நிறுவனம் 2024இலேயே அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் அங்கே குடியேறுவது புத்திசாலித்தனமல்ல. முழு அட்டவணையையும் வாரி இறைக்கும் பழக்கம் மாறாவிட்டால் எந்தத் தரவுத்தளமும் உங்களைக் காப்பாற்றாது. புதுக் கைபேசியும் வேண்டாம். அந்தப் பழைய கைபேசியைச் சோதனைக்கென்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஓடினால் எதிலும் ஓடும்.

கடைசியாக, தேதியையும் தொகையையும் மாற்றும்போது அட்டவணையின் அமைப்பு மாறும். ரூமின் பதிப்பு எண்ணை உயர்த்தி, மாற்றும் வழியை நீங்களே எழுத வேண்டும். மொத்தத்தையும் ஒரே பரிவர்த்தனையில் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனிப் பரிவர்த்தனை என்றால் விடிய விடிய ஓடும். உங்கள் நிரலில் 'ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்' என்ற வரி இருப்பதைப் பார்த்து என் வயிறு கலங்கியது. மாற்றும் வழி இல்லையென்றால் அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று பொருள். ஆறு ஆண்டுக் கடன் கணக்கு, தம்பி! விருதுநகர் வட்டாரத்தில் பலர் மகிழ்ச்சியடைவார்கள். உங்கள் முதலாளி அவர்களில் ஒருவராக இருக்க மாட்டார். இன்றைக்கே அந்த வரியை எடுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் கோப்பை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள், வாலோடு சேர்த்து.